சித்திரை மாதத்தில் கோட் சூட்

எங்கள் கல்யாணம் சித்திரையில், அறந்தாங்கியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் வரவேற்பு. அதற்கு நான் கோட் சூட்தான் போட வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள். திருச்சிக்குப் போய் அவளே துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தாள். கறுப்பு நிறம், உள்ளே வழவழவென்று லைனிங்.

"வெயில் கொளுத்துதேக்கா" என்றேன்.

"ஏசி மண்டபம்டா. ஒன் வயசுப் பயலுக எல்லாம் இதத்தான் போடுறாய்ங்க" என்றாள்.

நாங்கள் மேடை ஏறிய கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் விளக்குகளையும் ஃபேன்களையும் மட்டும்தான் தாங்கியது. வீடியோக்காரரின் விளக்கு நேராக முகத்தில் அடித்தது. முதுகில் வழிந்த வேர்வை பெல்ட்டில் வந்து தேங்கியது. எனக்குக் கை கொடுத்தவர்கள் கீழே இறங்கும்போது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள்.

என் பக்கத்தில் மணப்பெண் உடம்பெல்லாம் கல் பதித்த லெஹங்காவில் நின்றாள். போனில் நிறையப் பேசியிருந்தோம்; நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு அருகருகே நிற்பது அப்போதுதான்.

"ரொம்பக் கனமாங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தூக்கிப் பாருங்க, தெரியும்" என்றாள் சிரிக்காமல். பிறகு, "எனக்குக் கண்ண இருட்டிக்கிட்டு வருது. நீங்க கோட்டக் கழட்டுனா நானும் போயி மாத்திக்கிட்டு வந்துருவேன். நான் மட்டும் கேட்டா எங்கம்மா விடாது" என்றாள்.

நான் மேடையிலேயே கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். டையையும் உருவினேன். அக்கா ஓடி வந்தாள்.

"என்னடா பண்ற? இன்னும் போட்டோவே முடியல!"

"அந்தப் புள்ளைக்கு மயக்கமா வருதுக்கா."

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிப் போனாள்.

மறுவீட்டுக்கென்று வைத்திருந்த மஞ்சள் சுங்குடிச் சேலையில் அவள் திரும்பி வந்தாள். கழுத்தில் காற்றுப் படும்படி முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுப் பூ சுற்றியிருந்தாள். காதில் ஜிமிக்கி மட்டும்; கனத்த ஆரமெல்லாம் போயிருந்தது. நானும் வேட்டிக்கும் வெளிர்நீலப் பருத்திச் சட்டைக்கும் மாறியிருந்தேன். நான் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றதில் வீடியோக்காரர் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

"ஊரு என்ன சொல்லும்" என்று அவளுடைய அம்மா மேடையோரம் முணுமுணுத்தபடி நின்றார். அந்நேரம் பரிசு கொடுக்க வந்த ஒரு பெண், "சேல ரொம்ப நல்லாருக்கு. எங்க எடுத்தீங்க?" என்று மணப்பெண்ணைக் கேட்டார்.

மணப்பெண் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்துவிட்டார்.

"சின்னாளபட்டிம்மா. நாந்தான் எடுத்துக் குடுத்தேன். இந்த வேக்காட்டுக்கு இதான் தோது."

காலையில் முகூர்த்தத்துக்குப் பட்டுதான். அதில் நாங்கள் இருவரும் வாயே திறக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் தாலி கட்டி முடிந்தது. பந்தியில் உட்காரும் முன்பே இருவரும் பருத்திக்கு மாறிவிட்டோம்.