சுவாமியைக் கேட்டீர்களா?

போன மாதம் ஒரு மாலை. தேத்தண்ணியும் கையுமாக ரிவிக்கு முன்னால் இருந்தேன். உள்ளூர் இணையத் தொலைக்காட்சி ஒன்றில் தேர்தல் பற்றிய கலந்துரையாடல் போய்க்கொண்டிருந்தது. பேசியவர் எனக்குத் தெரிந்த அரசியல் ஆய்வாளர். நல்ல மனிதர், நிறையப் படித்தவர். எந்தக் கேள்விக்கும் விடை வைத்திருப்பார் — கேள்வி வரும் முன்னரே!

கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்களைப் பற்றிக் கேட்டார்கள். மனுஷன் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அவை சுவாமியைக் கேளாமல் வலையும் போடமாட்டினம், வாக்கும் போடமாட்டினம்.”

சுவாமி என்றால் அந்தப் பங்கின், அதாவது அந்த ஊர்த் தேவாலயத்தின், பாதிரியார். நிகழ்ச்சி நடத்தியவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அல்பிரட்டைத் தெரியும்.

அல்பிரட் என்னோடு படித்தவன். மயிலிட்டி தாண்டிப் போனால் வருகிற சின்னக் கடற்கரை ஊர். தொழில் கடல். ஆனால் ஊருக்குள் அவனைக் கட்டியகாரன் என்றால்தான் தெரியும். கோயில் பெருநாள் கூத்தில் ராசா வருவதற்கு முன்னால் ஓடிவந்து, வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைக்கிற பாத்திரம். அந்த இடத்தில் எழுதி வைத்த வசனம் கிடையாது. ஊரில் நடந்தது எதையும் இழுக்கலாம், யாரையும் கிண்டலடிக்கலாம்.

இந்த வருடத்தோடு அவன் சலங்கையைக் கழற்றுகிறான். முழங்கால் விடமாட்டேன் என்கிறது. ஒரே மகள் மெரீனா பாரிஸில் இருக்கிறாள். அகதி வழக்கு முடியவில்லை, ஊருக்கு வர முடியாது. அப்பாவின் கடைசிக் கூத்தை நேரலையில் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். போன வருடம் யாரோ போனில் பிடித்து அனுப்பியதில் கடற்காற்றின் இரைச்சல் மட்டும்தான் கேட்டதாம். அதனால் இம்முறை ஊரே பேசி, நல்ல கமராவும் மைக்கும் உள்ள ஒரு ரிவியை ஒழுங்கு செய்திருந்தது.

எந்த ரிவி? அதே ரிவிதான்!

அடுத்த ஞாயிறு நான் அல்பிரட் வீட்டுக்குப் போனபோது, பூசை முடிந்த கையோடு பங்கு மண்டபத்தில் கூட்டம். “வா மச்சான், நீயும் வந்து கேள்” என்று இழுத்துக்கொண்டு போய்விட்டான். கரவெட்டிச் சைவக்காரன் நான், கடைசி வாங்கில் ஒதுங்கினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பால் விடாத ஒரு பிளேன்ரீ மட்டும் வந்தது.

சுவாமி இளம் வயதுக்காரர். முகம் சிவந்திருந்தது.

“என்னைச் சொன்னதுக்கு எனக்குக் கவலையில்லை. உங்களைச் சொந்தப் புத்தி இல்லாத சனம் எண்டு சொல்லிப்போட்டினம். அந்த ரிவி எங்கடை வளவுக்குள்ளை வரத் தேவையில்லை.”

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நீங்களே சொல்லுங்கள்... எங்கள் ஊர்க் கோயிலில் தர்மகர்த்தா சபை கூடி இன்னாருக்கு வாக்குப் போடுங்கள் என்றால் பத்திரிகையில் எப்படி வரும்? “மக்களின் குரல்.” அதையே ஒரு பங்குச் சபை சொன்னால்? “மேலிடத்து உத்தரவு.” எழுதுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. எழுதுகிற மேசைகளில் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம், அவ்வளவுதான்.

இளைஞர்கள் கைதட்டினார்கள். முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்போது அல்பிரட்டின் மனைவி ஜெயராணி எழும்பினார்.

“சுவாமி, கோவியாதேங்கோ. அவை சொன்னது பிழைதான். அதுக்காக என்ரை பிள்ளை ஏன் தகப்பன்ரை கூத்தைப் பாக்காமல் இருக்கவேணும்? வேறை ஆக்களைப் பிடிக்க இனி நாளும் இல்லை. நாங்கள் கதவைச் சாத்தினால் அவையள் எங்களை எப்பிடி அறியிறது?”

“மானம் எண்டு ஒண்டு இருக்கு, ஜெயராணி.”

“ஓம் சுவாமி. அது கமரா வந்தால் போயிடாது.”

மண்டபம் அமளிப்பட்டது. ஒரு மணித்தியாலம் சண்டை! கிழவர்கள் கத்தினார்கள், பெண்கள் அதைவிடச் சத்தமாகக் கத்தினார்கள். கடைசியில் கை உயர்த்தச் சொன்னார்கள். முதலில் கைதட்டிய இளைஞர்கள்கூட மாறிவிட்டிருந்தார்கள். சுவாமியின் பக்கம் அவருடைய கையும், கோயிலைப் பார்க்கிற மூப்பரின் கையும்தான். சுற்றிப் பார்த்துவிட்டு மூப்பரும் மெல்ல இறக்கிவிட்டார்.

சுவாமி தன் கையையும் இறக்கினார். பிறகு சொன்னார்: “சரி, தோத்துப்போனன். வாற கமராக்காரருக்கு என்ன சாப்பாடு குடுக்கப்போறியள்?”

சொன்னால் நம்புங்கள், எனக்கு எழும்பிக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. இப்படித் தோற்கத் தெரிந்த தலைவர் ஒருவரை நம் அரசியலில் காட்டுங்கள் பார்ப்போம்.

பெருநாள் மாலை. புனிதரின் சிலை வைத்த சுரூபக் கூடு ஊரைச் சுற்றி வந்து கோயிலடியில் நின்றதும் கூத்து தொடங்கியது. ரிவிக்காரர்கள் வர்ணனை சொல்ல யாரைக் கூட்டி வந்திருந்தார்கள் தெரியுமா? நம் ஆய்வாளரையேதான்! முன் வரிசையில் எனக்குப் பக்கத்துக் கதிரை. கையில் மைக்.

சலங்கை குலுங்க ஓடிவந்தான் அல்பிரட். முழங்கால் வலியை யாருக்கும் காட்டவில்லை. நேரே கமராவுக்கு முன்னால் போய் நின்று கும்பிட்டான்.

“மகாசனங்களே! நாங்கள் சுவாமியைக் கேளாமல் ஒண்டும் செய்யமாட்டம் எண்டு ரிவியிலை ஒரு ஐயா சொன்னவர். உண்மைதான்! இந்தக் கமராவை உள்ளுக்கை விடட்டோ எண்டும் சுவாமியைத்தான் கேட்டனாங்கள்.”

சனம் சுவாமியைத் திரும்பிப் பார்த்தது.

“அவர் வேண்டாம் எண்டவர்.”

ஒரு சுற்றுச் சுற்றி, காலை ஓங்கி உதைத்தான்.

“அதாலைதான் கமரா இஞ்சை நிக்குது!”

கடற்கரை அதிர்ந்தது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் சுவாமிதான். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஆய்வாளரும் சிரித்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு வசை இல்லை, ஒரு பெயர் இல்லை. மன்னிப்புக் கேள் என்றும் இல்லை. பத்தி எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்த நாலு வரிக்காகப் பொறாமையே வந்தது.

பின்னால் ஜெயராணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்தபடி சொன்னார்: “அண்ணை, பிள்ளைக்கு இந்த முறை சலங்கைச் சத்தம் கேக்குதாம்.”

எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அடுத்த நாள் ஆய்வாளர் போன் எடுத்தார். அல்பிரட்டை வானளாவப் புகழ்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“ஐசே, உண்மையைச் சொல்லும்... அந்த வசனத்தைச் சுவாமிதானே எழுதிக் குடுத்தவர்?”

நான் போனை வைத்துவிட்டேன் — சுவாமியைக் கேளாமலே!