கதவில் அறைந்த கடைப் பலகைகள்

எங்கள் வீட்டுத் தலைவாசலை என் அண்ணன், நான் காக்கா என்று கூப்பிடுகிறவர், பலகை அறைந்து மூடியபோது எனக்கு இருபது வயது. அவர் வெளியே நின்று ஆணி அடித்தார். நானும் உம்மாவும் உள்ளே இருந்தோம். இதைச் சொன்னால் இன்று என் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். உள்ளே ஆட்களை வைத்துக்கொண்டா உங்கள் அண்ணன் ஆணி அடித்தார் என்று கேட்கிறார்கள். ஓம், அப்படித்தான் அடித்தார். எங்கள் சம்மதத்தோடுதான் அடித்தார்.

என் மாப்பிள்ளை காய்ச்சலில் மவுத்தாகி ஆறு கிழமை, ஒன்றரை மாதம், ஆகியிருந்தது. நான் இத்தாவில் இருந்தேன். புருஷன் இறந்தால் பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே வெள்ளை உடுத்தி இருக்க வேண்டும். அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. எங்கள் ஊரில் அதை எவ்வளவு கடுமையாகப் பிடிப்பார்கள் என்றால், இத்தா வீட்டில் சேவல் கூவினாலும் தலையில் துணியைப் போடு என்று பெரியம்மா ஒருத்தி கேலி செய்வாள். கேலிதான். ஆனாலும் சேவல் கூவும்போது என் கை தானாகத் துணிக்குப் போகும்.

அது யுத்த காலம். சித்திரை பிறக்கச் சில நாட்கள் இருக்கையில், ஒரு காலை நேரம், கடல் பக்கமிருந்து இடிச் சத்தம் கேட்டது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. சத்தம் விட்டு விட்டு வந்தது. கூரை ஓடு குலுங்கியது. அடுக்களையில் சட்டிகள் ஒன்றோடொன்று முட்டின. ஜப்பான்காரன் கப்பலுக்குக் குண்டு போடுகிறான், அடுத்தது ஊருக்குத்தான் என்று தெருவில் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். மத்தியானத்துக்குள் பாதி ஊர் ஆற்றங்கரையில் நின்றது. அக்கரையில் படுவான்கரை. அங்கே வயலும் காடும்தான், குண்டு போட ஒன்றும் இல்லை என்று நம்பினோம்.

காக்கா ஒரு தோணி பிடித்துவிட்டு ஓடிவந்தார். அக்கரைப் பழுகாமத்தில் வயல்காரப் போடியார் ஒருவர் இருந்தார், எங்கள் கடையில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் துணி எடுக்கிறவர். அவர் வளவில் போய் இருக்கலாம் என்றார். வழியில் பள்ளிவாசல் லெப்பையிடமும் கேட்டு வந்திருந்தார். உயிருக்குப் பயம் என்றால் இத்தாக்காரியும் வீடு மாறலாம், குற்றமில்லை என்று லெப்பை சொல்லிவிட்டாராம்.

உம்மா ஒப்பவில்லை. "லெப்பை சொல்லுவார். ஊர் என்ன சொல்லும்? தோணி நிறைய ஆம்பிளையள். ஆறு கிழமையில ஆறு கடந்தவள் எண்டு பத்து வருஷத்துக்குக் கலியாண ஊடு கலியாண ஊடாச் சொல்லிச் சிரிப்பாளுகள்."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. நானும் மறுத்துப் பேசவில்லை. குண்டைவிட ஊர் வாய்க்குத்தான் அன்று பயந்தேன். அந்தப் புத்தியை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

ஆனால் மகளை வைத்திருக்கப் பயமாக இருந்தது. அவளுக்கு மூன்று வயது. காக்காவின் பிள்ளைகளோடு அவளையும் அனுப்பினேன். காக்காவின் தோளில் இருந்துகொண்டு, "உம்மா, நீங்க பின்னால வருவீங்களா?" என்று கேட்டாள். "ஓம் மகள், வாறன்" என்றேன். பொய் சொல்லத் தெரியாத வயதுப் பிள்ளை, அப்படியே நம்பிவிட்டுப் போனாள்.

அவர்களைத் தோணியில் ஏற்றிவிட்டு வாசலை அடைக்கக் காக்கா திரும்பி வந்தார். ஆள் போன வீடுகளில் அதற்குள் களவு தொடங்கிவிட்டிருந்தது. "பூட்டுப் போட்டா உள்ளுக்குச் சாமான் இருக்குதெண்டு உடைப்பான். பலகை அடிச்சா, எல்லாத்தையும் கொண்டு போயிட்டான் எண்டு நினைச்சுப் போயிடுவான்" என்பது அவர் கணக்கு. பலகைக்கு எங்கே போவது? என் மாப்பிள்ளையின் துணிக்கடை மூடிக் கிடந்தது. கடையை அடைக்கிற பலகைகள் பதினொன்றையும் வண்டிலில் ஏற்றிக் கொண்டுவந்தார். எட்டைத் தலைவாசலில் அறைந்தார். மிச்சம் மூன்றைப் பின்பக்க வேலிப் படலையில் அறைந்துவிட்டு, "சத்தம் போடாதீங்க. பகலில புகை வரக் கூடா. ஆர் தட்டினாலும் குரல் குடுக்காதீங்க. மூணு நாளில வாறன்" என்று வேலிக்கு அப்பாலிருந்து சொல்லிவிட்டுப் போனார். கிணறு வளவுக்குள் இருந்தது. அரிசி, அவல், பேரீச்சம்பழம் இருந்தன.

முதல் நாள் லுஹர் தொழுதபின் கதவின் ஒரு பக்கத்தை மெல்ல உள்ளே இழுத்துப் பார்த்தேன். வாசலை மறித்து நின்ற பலகைகளில் என் மாப்பிள்ளையின் கையெழுத்து இருந்தது. காலையில் எந்தப் பலகைக்குப் பின் எந்தப் பலகை என்று கடைப் பொடியன்கள் தடுமாறாமல் இருக்க, உட்பக்கத்தில் தாரால் இலக்கம் எழுதி வைத்திருந்தார். காக்கா அவசரத்தில் அதைப் பார்க்கவில்லை. நாலுக்குப் பக்கத்தில் ஒன்பது, ஒன்பதுக்குப் பக்கத்தில் இரண்டு என்று தாறுமாறாக அடித்திருந்தார். என் மாப்பிள்ளை இருந்திருந்தால் கத்தியிருப்பார். இலக்கம் தெரியாத மச்சானுக்குத் துணிக்கடை வீட்டில் என்ன வேலை என்று கேட்டிருப்பார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் மூடுமுன் அழுகையும் வந்தது. உம்மா வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

அந்த வீட்டில் பேசாமல் இருப்பது எவ்வளவு பாடு என்று யாருக்கும் விளங்காது. உம்மா வெற்றிலை இடிக்கும் சின்ன உரலைத் துணியால் சுற்றிக்கொண்டு இடித்தாள். விமானச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்குக் கீழே போனாள். அது போன பிறகு அவளை வெளியே இழுக்க நான் பட்ட பாட்டை அல்லாஹ் அறிவான். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைப்போம். தெருவில் காலடி கேட்டால் மூச்சை அடக்குவோம். சுபஹுக்கு முன் ஒரு முறை உலை வைப்போம், விடிவதற்குள் அடுப்பை அணைத்துவிடுவோம்.

மூன்று நாள் போனது. காக்கா வரவில்லை. நாலாம் நாளும் வரவில்லை. ஆற்றில் ஒரு தோணி கவிழ்ந்ததாம் என்று வேலி ஓரத்தால் யாரோ பேசிக்கொண்டு போனது என் காதில் விழுந்தது. எந்தத் தோணி, யார் என்று கேட்க முடியவில்லை. அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் காக்காவின் தோளில் இருந்த மகள்தான் தெரிந்தாள்.

ஐந்தாம் நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் வாசற்படியில் ஆட்கள் ஏறும் சத்தம் கேட்டது. இரண்டு பேர். கள்ளன் என்றுதான் நினைத்தேன். உம்மா என் கையைப் பிடித்தாள். கடப்பாரை போன்ற அலவாங்கைப் பலகைக்கு இடையில் செருகினார்கள். ஆணி கிறீச்சிட்டது. கள்ளனுக்குப் போக்குக் காட்ட அடித்த பலகை, கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, அவர்களை எங்கள் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது. பின்பக்கம் ஓட வழியில்லை. அங்கும் பலகைதான். எங்களை நாங்களே கூட்டில் அடைத்துக்கொண்டோமே என்று நினைத்தேன்.

வெளியே ஒரு வயதான குரல் கேட்டது. "ஊட்டுக்காரன் வந்தா, எடுத்துட்டமெண்டு சொல்லி ஹலால் கேட்டுக்கலாம். பலகை விக்கிற மரக்காலை எல்லாம் பூட்டிக் கிடக்கு, நாம எங்க போற? சின்னக் கபுறுதானே, மூணு பலகை காணும்."

கள்ளன் இல்லை. கபுறுக் குழியில் மையித்தை, பிரேதத்தை, வைத்து, மண் மேலே படாமல் மூடுகிற பலகைக்காக வந்திருக்கிறார்கள். உம்மாவின் பிடி தளர்ந்தது. கலிமா ஓதிக்கொண்டிருந்த வாயை மூடி, நெஞ்சில் கை வைத்தாள்.

எனக்குத் தளரவில்லை. சின்னக் கபுறு என்ற சொல் நெஞ்சில் நின்றுகொண்டது.

அந்தப் பெரியவர் தெருவில் போன யாருக்கோ பதில் சொன்னார். "ஓம் தம்பி, பொம்பளப் புள்ளதான். மூணு வயசு. படுவான்கரையில இருந்து இப்பதான் தோணியில கொண்டுவந்த."

மூன்று வயது. பெண் பிள்ளை. படுவான்கரை. என் மாப்பிள்ளை கையால் எழுதிய பலகையை என் பிள்ளையின் குழிக்குத்தான் கழற்றுகிறார்களா? உள்ளே தாய் இருப்பது தெரியாமல் கழற்றுகிறார்களா? நான் கதவுக்கு ஓடினேன். உம்மா பின்னால் வந்து என் வாயைப் பொத்தினாள். அவள் விரலைக் கடித்தேன். பெற்ற தாயின் விரலைக் கடித்தேன்.

"ஆர்ட புள்ள அது?" என்று கதவோடு வாயை வைத்துக் கத்தினேன்.

அலவாங்கு படியில் விழுந்தது. "யா அல்லாஹ், உள்ளுக்கு ஆள் இருக்குது" என்றார் பெரியவர்.

"ஆர்ட புள்ள எண்டு சொல்லுங்களன்! மவுத்தான புள்ள ஆர்ட புள்ள?"

மற்றவர் பேசினார். இளம் குரல், கரகரத்துப் போயிருந்தது. "என்ட மகள்தான். காய்ச்சல்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

நினைத்துச் சொல்லவில்லை. மூச்சு வந்தபோது அந்தச் சொல்லும் சேர்ந்து வந்துவிட்டது. மெதுவாகவும் சொல்லவில்லை, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். பிள்ளையைப் பறிகொடுத்து, அதை மூட மூன்று பலகை தேடி வந்த தகப்பனுக்கு, ஒரு கதவின் மறுபக்கத்தில் நின்று இறைவனுக்கே புகழ் என்று சொன்னேன்.

"என்ன சொன்னா?" என்று கேட்டார் பெரியவர். அவருக்குக் காது மந்தம் போல.

"ஒண்டுமில்ல" என்றார் இளையவர்.

பிறகு அவரே கதவுக்குக் கிட்ட வந்து, "பலகை எடுக்கலாமா, தங்கச்சி?" என்று கேட்டார். உம்மாதான், கடிபட்ட விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு, "எடுங்க மனே, ஹலால்" என்றாள்.

மூன்று பலகை கழன்றது. கதவு இடுக்கில் வெளிச்சம் வந்தது. ஒரு ஆளின் நிழல் அதில் போய் வந்தது. போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. மறுபடி ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. மிச்சம் இருந்த ஐந்து பலகையையும் இளையவர் கழற்றி, இடைவிட்டு, வெளியிலிருந்து பார்த்தால் கதவு தெரியாதபடி சரிசெய்து அறைந்தார். பிள்ளை அடக்கக் காத்துக் கிடக்கிறது, அவர் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "ஆரிட்டயும் சொல்லமாட்டம், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்கள். நான் கதவடியில் உட்கார்ந்தவள் பொழுது சாய்ந்து மஃரிபு வரை எழும்பவில்லை.

காக்கா பத்தாம் நாள் வந்தார். கவிழ்ந்த தோணி வேறு யாருடையதோ. அதில் யாரும் சாகவும் இல்லையாம். என் மகள் போடியார் வீட்டு எருமைத் தயிரில் கொழுத்து, தலை நிறையப் பேனோடு வந்தாள். "நீங்க பின்னால வரல்ல" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. குண்டு எங்கள் ஊரில் விழவே இல்லை. கடைப் பலகைகளைக் கழற்றிக் கொண்டுபோன காக்கா, நாலும் ஒன்பதும் இரண்டும் எங்கே என்று கேட்டார். உம்மா சொன்னாள். என் வாயால் வந்ததை அவளும் சொல்லவில்லை.

இத்தா முடிந்த அன்று வீடு நிறையப் பெண்கள் வந்தார்கள். கடைசியாக மெலிந்த ஒருத்தி வந்து, பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளை நான் முன்பு கண்டதில்லை. "எங்கட புள்ளைக்குப் பலகை தந்தது நீங்கதானாம். உள்ளுக்கு இருந்துகொண்டே ஹலாலாக்கித் தந்தீங்களாம். அவர் சொன்னார்" என்றாள்.

"வேற ஒண்டும் சொல்லல்லியா?" என்று கேட்டேன்.

"வேற என்ன?" என்றாள்.

அதற்குள் என் மகள் அவளிடம் போய் நின்றுவிட்டாள். யார் மடி கிடைத்தாலும் ஏறுகிற பிள்ளை. அவள் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, எத்தனை வயது என்று கேட்டாள். மகள் மூன்று விரலைக் காட்டினாள். அவள் அந்த விரல்களைத் தன் கைக்குள் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு பிள்ளையின் தலையைத் தடவி, "அல்ஹம்துலில்லாஹ். நல்லா இருக்கா" என்றாள்.

தேத்தண்ணி கொண்டு வாறன் என்று சொல்லி எழும்பி, நான் அடுக்களைக்குள் போய் நின்றேன்.