சாட்சிக் கையெழுத்து

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அந்தப் படிவம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

மண்ணிலும் கிணற்றிலும் கலந்த பெட்ரோலைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் பூமிக்கடியில் இருந்த தொட்டி ஓட்டையாகி, கீழே ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக் கிணறு வரைக்கும் கசிந்திருந்தது.

அந்தக் கிணற்றை முதலில் சோதித்தவன் நான்தான். போன வருடம், கார்த்திகை தீபத்துக்கு மூன்று நாள் முன்பு. பெட்ரோல் தண்ணீருக்கு மேலே மிதக்கும். சோதனைக்கான மாதிரியை மேலாகத்தான் எடுக்க வேண்டும். மழை, அவசரம்... பம்பை அடிவரை இறக்கி எடுத்துவிட்டேன். தண்ணீர் தெளிவாக வந்தது. மாதிரி எடுத்ததற்குப் படிவத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட லயத்துப் பெண் கேட்டாள்.

"கெணத்து மேட்டுல கார்த்திக வெளக்கு வைக்கலாமா சார்?"

நான் படிவத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தாராளமா வைங்கம்மா."

தீபத்தன்று கிணறு பற்றி எரிந்தது. ஒரு பெண் செத்துப்போனாள். யார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கோழை நான்.

இந்த வருடம், தீபத்துக்கு முந்தின நாள். மாலை 5.10. டிரைவர் ஜோபி ஜீப்போடு மேலே ரோட்டில் நின்றான். மூடுபனி, தூறல். அதே கிணற்றின் மேல்மட்டத்தில் மாதிரி எடுத்தேன். குழாயில் இரண்டு விரல் உயரத்துக்குப் பெட்ரோல். பெட்ரோல் ஆவி இருந்தால் கத்தும் வாயு மீட்டர் கத்திக்கொண்டே இருந்தது.

பீப்... பீப்... பீப்...

5.22. மீட்டர் நின்றது.

எதிரே ஒரு பெண். தூறலில் அவள் சேலை நனையவில்லை. கையில் ஏற்றாத அகல் விளக்கு.

"சாட்சி வேணுமா சார்?"

படிவத்தை நீட்டினேன். போட்டாள். அவள் விரல் பட்டது... சுட்டது.

"வெளக்கு வைக்கலாமா சார்?"

அதே கேள்வி. அதே குரல்.

நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்படியென்றால் செத்தது இவள் இல்லை. நான் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தேன். முப்பது வயதுகூட இருக்காது.

"வேண்டாம்மா. மேல பெட்ரோல் நிக்குது."

"சரி சார்."

விளக்கை முந்தானையில் முடிந்துகொண்டாள். பனிக்குள் போனாள்.

சருகுகள் சத்தம் போடவில்லை...

பீப்... பீப்...

5.24.

மறுநாள் காலை லயத்துக்குப் போய், சாட்சிக்குச் சேர வேண்டிய படிவ நகலைக் கொடுத்தேன். வாங்கியவர் லயத்துத் தொழிலாளி பாண்டித்துரை. ரொம்ப நேரம் கையெழுத்தையே பார்த்தார். உள்ளே போய், போன வருடத்து நகலை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். ஒரே கையெழுத்து. மாரீஸ்வரி.

"எம் பொண்டாட்டி சார். தீயில போனவ."

படியில் உட்கார்ந்தேன்.

"வெளக்கு வைக்கலாமான்னு கேட்டாளா?"

தலையாட்டினேன்.

"என்ன சொன்னீங்க?"

"வேண்டாம்னு சொன்னேன்."

அவர் இரண்டு தாள்களையும் சேர்த்து மடித்தார்.

"போன வருசமும் அதச் சொல்லியிருக்கலாமே சார். நீங்க சொன்னா அவ கேட்டிருப்பா."