முளைப்பாரி ஓங்கி வளர்ந்த வருஷம்

ஈர மஞ்சள் நூல் மணிக்கட்டில் காயும்போது ஒரு வாடை வரும். முதல் நாள் மஞ்சளும் வேப்பிலையுமாக மணக்கும். இரண்டு நாள் காட்டில் பூண்டுப் பல் ஊன்றி, பாத்திரம் விளக்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய பிறகு மண்ணும் சாம்பலும் வியர்வையும் அதில் ஏறி, உலராத துணியைப் போலப் புளித்து நாறத் தொடங்கும். பதினான்கு வயதில் அந்த நாற்றத்தை முகர்ந்தபடி நான் அழுதிருக்கிறேன். ஆகையால் யார் கையிலாவது புது மஞ்சள் நூலைக் கண்டால் எனக்குப் பக்தி வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது.

இப்போது வட்டக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களுக்குச் சாவி கொடுப்பது, வெந்நீர் வரவில்லை என்றால் ஆளை அனுப்புவது, அறைக்கு அறை போர்வை மாற்றுவது என்று நாள் போய்விடும். போன மாதம் ஒரு கம்பெனி தன் ஊழியர்களை மொத்தமாகக் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. புல்வெளியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வாழ்க்கையில் இலக்கு வைப்பது எப்படி என்று ஒருவர் மைக்கில் பாடம் நடத்தினார். ஆளுக்கொரு பலூன் கொடுத்து, ஊதி, அதன்மேல் இலக்கை எழுதச் சொன்னார். நான் டீ கொண்டு போன நேரத்தில், தடை என்று நாம் நினைப்பதெல்லாம் நம் மனசுக்குள்தான் இருக்கிறது, வெளியே ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். என் தடையை என் கையிலேயே கட்டியிருந்தார்கள் ஐயா என்று அவரிடம் சொல்லவா முடியும்? தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஊர் கொடைக்கானல் மேல்மலையில், போளூரிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது. சித்திரையில் காளியம்மனுக்குத் திருவிழா. ஊர் கூடி நாள் குறித்து, "சாட்டு" என்று அறிவித்து, பூசாரி சாமிக்குக் காப்புக் கட்டுவார். நேர்த்திக்கடன் உள்ளவர்களும், முளைப்பாரி போடும் பெண்பிள்ளைகளும் தங்கள் கையிலும் காப்புக் கட்டிக்கொள்வார்கள். மஞ்சள் நூலில் ஒரு மஞ்சள் துண்டும் வேப்பிலையும், அவ்வளவுதான். ஆனால் அதைக் கட்டிவிட்டால் சாமி அழைத்து, முளைப்பாரி கரைத்து, காப்பை அவிழ்க்கும்வரை ஊர் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. பகலில் போகலாம், பொழுது சாய வீட்டுக்கு வந்துவிட வேண்டும். கீழே சமவெளியில் இருக்கிற ஊர்களுக்கு இது பெரிய கட்டுப்பாடு இல்லை. காலையில் போய் மாலையில் வந்துவிடலாம். எங்கள் ஊரிலிருந்து திண்டுக்கல் போய் ஒரு காரியம் பார்த்துவிட்டு வருவதென்றால் முதல் நாளே கிளம்ப வேண்டும்.

எனக்கு அப்போது ஒரே ஒரு ஆசை இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர், ஓட்டப் பந்தயத்தில் நான் இரண்டு தடவை ஜெயித்ததைப் பார்த்துவிட்டு, அரசாங்க விளையாட்டு விடுதி என்று ஒன்று இருப்பதாகவும், அதில் தேர்வாகிவிட்டால் தங்க இடம், படிப்பு, தினமும் முட்டை, காலுக்கு ஷூ எல்லாம் கிடைக்கும் என்றும், அங்கே ஓடியவர்களுக்குப் பிற்பாடு போலீஸ் வேலை சுலபமாக அமையும் என்றும் சொன்னார். அதுவரை பெரியவளாகி என்ன செய்யப் போகிறாய் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். டீச்சர் சொன்ன அன்று இரவு நான் காக்கிச் சட்டையில் என்னை நினைத்துப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். தொப்பி எனக்கு எடுப்பாக இருந்தது.

ஓடிப் பழக எங்கள் ஊரில் சமதளம் ஏது? எல்லாம் படிப்படியாக வெட்டிய காடு. அதனால் காலை பஸ்ஸோடு பந்தயம் வைத்துக்கொண்டேன். பஸ் ஊரைவிட்டுக் கிளம்பி, வளைவு வளைவாகச் சுற்றி இறங்கி, ஓடைப் பாலத்துக்குப் போகும். அது கிளம்புகிற அதே நேரத்தில் நான் முட்டைக்கோஸ் காட்டு வரப்பில் இறங்கி, யூகலிப்டஸ் தோப்புக்குள் புகுந்து, குறுக்குப் பாதையில் விழுந்தடித்து ஓடுவேன். முதல் வாரமெல்லாம் நான் பாலத்தைத் தொடுவதற்குள் பஸ்ஸின் பின்பக்கம்தான் கண்ணில் படும். கண்டக்டர் படியில் நின்று கையை ஆட்டிவிட்டுப் போவார். மழைக்காலம் முடிந்து பனி விழத் தொடங்கியபோது நானும் பஸ்ஸும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம். தையில் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் பஸ் வந்தது. அன்றைக்கு டிரைவர் எனக்காக ஒரு முறை ஹாரன் அடித்தார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பரிசு என்றால் இன்றுவரை அந்த ஹாரன் சத்தம் ஒன்றுதான்.

இதையெல்லாம் அம்மா தடுத்தாள் என்று எழுதினால் கதைக்குப் பொருத்தமாக இருக்கும். அவள் தடுக்கவில்லை. விடிவதற்குமுன் என்னை எழுப்பிவிட்டவளே அவள்தான். ஊன்றுவதற்காக அடுப்புக்கு மேல் புகையில் கட்டித் தொங்கவிட்ட விதைப்பூண்டை எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்வாளோ அவ்வளவு பத்திரமாக என் காலைப் பார்த்துக்கொண்டாள். முள் ஏறினால் அவளே ஊசியால் எடுப்பாள், தைலம் தேய்ப்பாள். சித்திரை மாதக் கடைசியில் திண்டுக்கல்லில் தேர்வு என்று டீச்சர் சொன்னதும், தன்னால் ஆனதை எல்லாம் செய்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. அவளால் ஆனது என்ன? காளியம்மன்தான். நான் தேர்வாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு என்னை முளைப்பாரி போடவைத்தாள். காப்புக் கட்டும்போது பூசாரியிடம், "நல்லா இறுக்கிக் கட்டுங்க, புள்ள நெனச்சது நடக்கணும்" என்றாள். அவர் இறுக்கியே கட்டினார்.

தேர்வு நாள் திருவிழாவுக்குள் விழுகிறது என்பது அவளுக்குத் தெரியும். பகலில் போய்விட்டு வந்துவிடலாம் என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். அம்மா வாழ்நாளில் போன வெளியூர்கள் எல்லாமே பகலில் போய்க் கடைசி பஸ்ஸில் திரும்புகிற தூரம். விடிந்ததுமே மைதானத்தில் வந்து நிற்கவேண்டும் என்று ஓர் ஓட்டப் பந்தயத்துக்கு நேரம் வைப்பார்கள் என்று அவள் எப்படிக் கண்டாள்? காப்புக் கட்டிய மறுநாள் கடை போனுக்கு டீச்சர் பேசி, முதல் நாள் மாலையே என்னைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பிவிடுங்கள், தன் அக்கா வீட்டில் படுத்துக்கொள்ளலாம் என்றார். போனை வைத்துவிட்டு வந்து அம்மா என் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

அப்பா அதிகம் பேசாதவர். அவர்தான் யோசித்து ஒரு வழி சொன்னார். எங்கள் ஊரிலிருந்து தினமும் காய் லாரி இரவோடு இரவாக ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும். அதில் என்னை ஏற்றிக்கொண்டு தானும் கூட வருவதாகவும், அங்கிருந்து முதல் பஸ்ஸில் திண்டுக்கல் போய்விடலாம் என்றும், எங்கேயும் படுக்காமல் இரவெல்லாம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தால் அது தங்கின கணக்கில் வராது என்றும் சொன்னார். ஆனாலும் ஊர் வார்த்தை வேண்டும். ஊர்ப் பெரியதனம் என் பெரியப்பா, அப்பாவுக்கு உடன்பிறந்த அண்ணன். லாரியும் அவருடையதுதான். மூன்று பேரும் அவர் வாசலுக்குப் போனோம்.

லாரியில் முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றியவர்களில் பெரியப்பாவின் மகன் மாரிமுத்து அண்ணனும் ஒருவர். ஒவ்வொரு நாளும் லாரியோடு கீழே போய், ஒட்டன்சத்திரத்தில் மண்டியிலேயே படுத்துத் தூங்கி, மறுநாள் மதியம் வருகிறவர். அவர் கையிலும் என்னுடையதைப் போலவே காப்பு இருந்தது. அப்பா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெரியப்பா தலையை ஆட்டினார். அப்பா மெதுவாக, மாரிமுத்துவும் காப்போடுதானே போகிறான் என்று கேட்டார்.

"அவன் சோலிக்குப் போறான். காய் ஒரு நாள் கெடந்தா அழுகிப் போயிரும். புள்ள ஓட்டம் என்ன அழுகியா போகப் போகுது? அடுத்த வருசம் ஓடட்டும்" என்றார் பெரியப்பா.

அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும் என்று நான் சொன்னேன். பெரியவர்கள் பேசும்போது நான் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"தாண்டுனா கட்டிக் குடுத்துருவோம்த்தா" என்றார். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. என்னைத் தடுப்பதற்கு அவருக்குக் கோபம்கூடத் தேவைப்படவில்லை.

அப்படியென்றால் பிள்ளையின் காப்பை அவிழ்த்துவிடலாமா, குற்றத்தைத் தான் ஏற்றுக்கொள்கிறேன் என்று அம்மா கும்பிட்டுக் கேட்டாள். நடுவில் அவிழ்த்து ஊரில் ஒரு சாவு விழுந்தால் யார் பதில் சொல்வது என்று அவர் கேட்டதும் அம்மா கும்பிட்ட கையை இறக்கிவிட்டாள். சாவு என்ற வார்த்தைக்கு எதிராக ஓட்டம் என்ற வார்த்தையை எப்படி வைப்பது? லாரி கிளம்பிப் போயிற்று. நாங்கள் வீட்டுக்கு நடந்தோம்.

தேர்வு நாளன்று காலையில் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் முளைப்பாரி வீட்டு இருட்டுக்குள் இருந்தேன். வெயில் படாமல் வளர்ந்த முளைகள் வெளிறிய மஞ்சளாக நின்றன. என் பாரிதான் எல்லாவற்றையும்விட ஓங்கி வளர்ந்திருந்தது. தண்ணீர் தெளிக்க வந்த பெண்கள் எல்லாரும், இப்படி வளர்ந்தால் நினைத்தது நடக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினாள். அன்று பொழுது முழுக்க அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிற்பாடு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். என்னிடம் எப்போதும் தோற்றுப்போகும் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி அந்த வருஷம் தேர்வானாள். சீசன் கூட்டத்தில் கொடைக்கானல் ஏரிச் சாலையில் காக்கி உடையில் விசில் ஊதிக்கொண்டு நிற்கிறாள்; என்னைக் கண்டால், "இன்னும் ஓடுறியாடி?" என்று பிரியமாகத்தான் கேட்பாள். எனக்குப் பெரியப்பா சொன்னபடியே நடந்தது. நானும் அதற்குப் பிறகு பஸ்ஸோடு ஓடவில்லை.

இந்தச் சித்திரையில் ஊருக்குப் போயிருந்தேன். இப்போது பாதி ஊர் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறது. இரவு தங்கக் கூடாது என்றால் காப்புக் கட்ட ஆளே வரமாட்டார்கள் என்று, ஒரு சாயங்காலம் கோயில் முன்னால் கூடி டீ குடித்துக்கொண்டே அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்களாம். டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டதாம். யார் வீட்டிலும் சாவு விழவில்லை. பெரியப்பாவின் பேத்தி காப்புக் கட்டிய கையோடு மதுரையில் நுழைவுத் தேர்வு எழுதக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முதல் நாளே போய் ஹோட்டலில் தங்குகிறாள். வாசலில் கார் நின்றது. அன்றைக்கு லாரி நின்ற அதே இடம்.

பெரியப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. நான் வந்திருப்பதை யாரோ சொன்னதும் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார். நான் சின்னப் பிள்ளையில் ஓடினதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது.

"நீயும் அந்தக் காலத்துல நல்லா ஓடுவியேத்தா. அப்ப நீங்க வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. யாரு வேணாம்னு சொல்லப் போறா?"

என் பின்னால் நின்றிருந்த அம்மா, "கேட்டோங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர், அப்படியா, எனக்கு ஞாபகம் இல்லையே என்று சொல்லிவிட்டுப் பேத்தியைக் கூப்பிட்டு, பெரியவர்களிடம் திருநீறு வாங்கிக்கொள்ளச் சொன்னார். அந்தப் பெண் என் முன்னாலும் வந்து குனிந்தாள். புது மஞ்சள் வாடை அடித்தது.

நான் அவள் நெற்றியில் திருநீறு இட்டு, "வெரசாக் கெளம்பு. யார்கிட்டயும் கேட்டுக்கிட்டு நிக்காத" என்றேன். பிள்ளைக்கு நல்ல வார்த்தை சொன்னாய் என்று பெரியப்பா சிரித்தார்.