பீரங்கிக்காரர் மனப்பாடம் செய்த பலகை

அன்று அந்தச் சின்ன அறையில் இருந்தவர்கள்: கண் பரிசோதனைப் பயிற்சியில் இருந்த என் தங்கை, அவள் வேலை செய்வதைப் பார்த்து மதிப்பிட வந்த அம்மையார் ஒருவர், நாற்காலியில் ஒரு பழைய பீரங்கிக்காரர், அவருக்குத் துணையாய் ஒரு பழைய கடற்படைக்காரர், கதவடியில் தேத்தண்ணி வண்டியோடு நான். நான் அங்கே நிற்கத் தேவையே இல்லை. ஆனால் போகக் கால் வரவில்லை.

விம்பிள்டன் பக்கம், வயதுபோன முன்னாள் படையினர் தங்கியிருந்த இல்லம் அது. நான் சமையலறையில் வேலை. வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது அம்மா நெஞ்சில் கை வைத்தா.

"ஆமிக்காரரோடயோ? முருகா!"

"அம்மா, எல்லாருக்கும் எண்பது தாண்டீட்டுது. இப்ப பிஸ்கட்டுக்குத்தான் சண்டை."

தங்கை பல்கலைக்கழகம் முடித்து ஒரு வருடப் பயிற்சியில் இருந்தாள். கிழமையில் ஒரு நாள் எங்கள் இல்லத்துக் கிழவர்களின் கண்களைப் பார்க்க அவளை அனுப்பினார்கள். அன்றைய மதிப்பீட்டில் தேறாவிட்டால் பயிற்சி நீளும். கோலியர்ஸ் வுட்டில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் அவளுக்கென்று வைத்திருந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அவள் நல்லாய் நித்திரை கொண்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சோதனை என்றால் கேட்டதைப் பிழையில்லாமல் ஒப்புவிப்பது. அதுதான் எனக்குத் தெரியும். எழுத்துப் பலகையைக் கிழவர்கள் பிழையாய் வாசித்தால் தங்கை ஃபெயில் என்று நானே முடிவுகட்டி, அழாக்குறையாய்ப் பீரங்கிக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

"இவ்வளவுதானா? எங்களிடம் விடு, மகனே," என்றார்.

அந்தக் கிழமை முழுக்கப் பயிற்சி. கடற்படைக்காரருக்குப் பார்வை நல்ல தெளிவு. அவர் பலகையைப் பார்த்துவிட்டு வந்து வரிவரியாய்ச் சொல்லிக் கொடுக்க, பீரங்கிக்காரர் நெஞ்சை நிமிர்த்தி, அணிவகுப்பில் கத்துவதுபோலத் திருப்பிச் சொன்னார். பிழையில்லாத வரிக்கு ஒரு பிஸ்கட்.

"அவள் தேறுவாள். ஐந்து பவுன் காசு பந்தயம்," என்றார் பீரங்கிக்காரர்.

"தேறமாட்டாள்," என்றேன் நான்.

"சொந்தத் தங்கைக்கு எதிராகவா? வெட்கங்கெட்டவனே!"

அவருக்கு எங்கே விளங்கப்போகிறது? அவள் தோற்றால் ஐந்து பவுனாவது மிஞ்சும். வென்றால் ஐந்து பவுன் போனாலென்ன, ஐம்பது போனாலென்ன. கவலைக்காரன் கணக்கு அப்படித்தான்.

அந்த நாளும் வந்தது. தங்கை பீரங்கிக்காரரின் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். பலகையின் விளக்கைப் போடக் கை நீட்டினாள். அதற்குள் மனிதர் தொடங்கிவிட்டார்! முதல் வரி, இரண்டாம் வரி, எறும்பளவு எழுத்துள்ள கடைசி வரிவரை ஒரே மூச்சு. பலகை இருட்டில் கிடந்தது.

"அச்சகத்தின் பெயரும் வேண்டுமா, டொக்டர்?"

அம்மையாரின் பேனா நின்றது. கடற்படைக்காரர் கூரையைப் பார்த்தார். தங்கை மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வண்டியிலிருந்த கோப்பைகளை எண்ணத் தொடங்கினேன்.

"மிக நன்று, சேர்," என்றாள். "இனிக் கடைசி வரியைப் பின்னாலிருந்து முன்னுக்கு."

பீரங்கிக்காரர் கடற்படைக்காரர் பக்கம் திரும்பினார்.

"அது பயிற்சியில் இல்லை," என்றார் பீரங்கிக்காரர்.

முதலில் சிரித்தது அம்மையார்தான். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தா.

தங்கை கலங்கவில்லை. கையடக்கமான ஒரு விளக்கை எடுத்து அவர் கண்ணுக்குள் ஒளியை அங்குமிங்கும் அசைத்தாள். உள்ளேயிருந்து திரும்பிவரும் வெளிச்சத்தைப் பார்த்து, அவர் கண்முன் ஒவ்வொரு வில்லையாய் மாட்டி மாற்றினாள். அவரை ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. கண்ணே பதில் சொல்லுமாம், ஒப்புவிக்கத் தேவையில்லையாம். அதை அந்தக் கதவடியில்தான் அறிந்தேன். பிறகு வேறொரு பலகையைத் திருப்பிவைத்து வாசிக்கச் சொன்னாள். இந்தமுறை தடக்கித் தடக்கி, ஆனால் உண்மையாகவே வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அட! உனக்கு மீசை இருக்கிறதா? இவ்வளவு நாளும் எனக்குத் தேநீர் தந்தது மீசைக்காரனா?"

அம்மையார் தேர்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டா. நான் தேத்தண்ணி ஊற்றினேன், பாதி தட்டில்.

வெளியே வந்ததும் தங்கை என் காதைப் பிடித்தாள். "அண்ணை, உனக்கென்ன விசரே?"

"ஓம்," என்றேன். சிரிப்பில் அதற்குமேல் கதைக்க ஏலவில்லை.

புதுக் கண்ணாடி வந்த அன்று ஐந்து பவுனை நீட்டினேன். பீரங்கிக்காரர் புதுக் கண்ணோடு அந்தத் தாளை வடிவாய்ப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "கடைசிச் சோதனைக்கு இரட்டிப்பு?" நான் வழக்கம்போல எதிர்ப்பக்கம். தேறினாள். கண்ணாடிக் கடை வேலைக்கு மறுபடி இரட்டிப்பு. அதுவும் கிடைத்தது. தோற்கத் தோற்க எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. காசை நீட்டும்போதெல்லாம், "உன்னிடமே இருக்கட்டும். கவலைப்பட உனக்கு ஏதாவது வேண்டுமே," என்பார்.

ஆக, அவருக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது இருபது பவுன்.