பூட்டியிருந்த வீட்டுக்குப் பதிலாக

எண்பதுகளின் நடுவில் ஆறு மாதம் எனக்கு ஒரு கணக்கெடுப்பு வேலை இருந்தது. வீடு வீடாகப் போய், என்ன எண்ணெய் வாங்குகிறார்கள், விலை ஏறினால் எதைக் குறைப்பார்கள், இறங்கினால் எதற்கு மாறுவார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். வெளிநாட்டு பாமாயில் மேல் வரியைக் கூட்டினாலோ குறைத்தாலோ சனங்களின் சமையலில் என்ன மாறும் என்று அந்தத் தாள்களை வைத்து மெட்ராஸில் கணக்குப் போடுவார்கள். ரேஷன் கடைகளில் அந்த எண்ணெய் டின் டின்னாக வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது.

ஒலக்கூர் பக்கம் வேர்க்கடலை போட்டிருந்த ஒரு விவசாயி என் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார். "மலிவா குடுத்தா வாங்குவியான்னு கேக்கறீங்க. நானே மல்லாட்டை போட்டவன். ஊரே பாமாயிலுக்குப் போயிட்டா என் மல்லாட்டைய யாரு சார் வாங்கறது? அதுக்கு ஒரு கேள்வி இருக்குதா உங்க பேப்பர்ல?"

இல்லை என்றேன்.

"அப்ப வாங்குவேன்னே எழுதிக்குங்க. எங்கூட்டுல வாங்கிக்கினுதான் இருக்காங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "வாங்காம வுட்டா அடுத்த மாசம் கார்டுல அடிச்சிடுவான். வாங்கி டீக்கடைக்குக் குடுத்துடறேன், பஜ்ஜி போட. அத நாங்க எங்க வாயில வெக்கறோம்?"

வாங்கியதை வெளியே கொடுத்தால் எழுதத் தாளில் கட்டம் இல்லை. வாங்கியதை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

விழுப்புரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவிலும் ஒரு வீடு பட்டியலில் இருந்தது. மூன்று முறை போனேன், மூன்று முறையும் பூட்டு. மறுநாள் தாள்களைக் கொடுத்தாக வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு உட்கார்ந்து, அந்த வீட்டு எண்ணில் என் குடும்பத்தை எழுதிவிட்டேன். நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள். அந்த வருஷம்தான் நான் சொல்லி பாமாயிலுக்கு மாறியிருந்தோம். அளவை மூன்று பேருக்கும் சமமாகப் பிரித்தேன். மாறியதில் குறை ஏதுமில்லை என்று எழுதினேன். இரண்டு அடி தள்ளி இருந்த மனைவியைக்கூடக் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, திண்டிவனம் ஆபீசில் இருந்தபோது போன் வந்தது. காலைப் பிரார்த்தனையில் மகள் மயங்கி விழுந்துவிட்டாள், முகவாய் கிழிந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். பஸ்ஸில் இடம் இருந்தும் என்னால் உட்கார முடியவில்லை. வழியெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தமே இல்ல. பொண்ணு ஒழுங்கா சாப்பிடுதா?"

"நல்லா சாப்பிடுதுங்க" என்றேன். கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தவன் வேறு என்ன சொல்வேன்?

வீட்டுக்கு வந்ததும் அவள் அம்மாவிடம்தான் வாய் திறந்தாள். நான் கதவருகே நின்றேன்.

"டப்பா சோத்த இன்னாடி பண்ணே?"

"நாய்க்குக் கொட்டிட்டேன்."

"எத்தினி நாளா?"

"ஆடியிலேர்ந்து." பிறகு சொன்னாள்: "வட்டமா உக்காருவோம்மா. ஒருத்தர் டப்பாலேர்ந்து ஒருத்தர் ஒரு கை எடுக்கணும். என்னுதுல யாரும் எடுக்கல. கப்பல்ல வந்த எண்ணெ நாத்தம் அடிக்குதாம். கப்பல் சோறு வருது, நகருங்கடின்றாங்க. என்னுத எடுக்காதவங்க கிட்ட நான் மட்டும் எப்படி எடுக்கறது?"

காலையில் அவசரத்தில் ஒரு டம்ளர் காப்பி. மத்தியானம் ஒன்றுமில்லை. ராத்திரி எங்களோடு உட்கார்ந்து இரண்டு வாய். இதைத்தான் நான் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதியிருந்தேன்.

மறுநாள் அந்தத் தாளைத் திரும்பக் கேட்கப் போனேன். மேலதிகாரி தலையைத் தூக்கவில்லை. "எல்லாம் கம்ப்யூட்டர் கார்டுல ஓட்டை குத்தி மெட்ராஸுக்குப் போயாச்சு. ஒரு வூட்டுக்கா இவ்ளோ பேஜாரு?"

"அது என் வூடு சார். நானே எழுதினேன்."

அப்போதுதான் நிமிர்ந்தார். "அத வெளிய சொல்லாதீங்க. ஒண்ணு தப்புன்னா நீங்க எழுதின அத்தனையும் தப்புன்னுவாங்க. வேலை வேணுமா, வேணாமா?"

வேலை வேண்டியிருந்தது. திரும்பி வந்துவிட்டேன். அந்தக் கணக்கில் என் மகள் இன்றும் வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்றே மல்லாட்டை எண்ணெய் வாங்கி வந்தேன். சோற்று டப்பா காலியாகத்தான் திரும்பி வந்தது. அதற்கு முன்பும் காலியாகத்தானே வந்தது.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேம்பா."

"யாராவது எடுத்தாங்களா?"

"பா, வுடு."

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்கு வெளியே போய் நின்றேன். மணி அடித்தது. நீலப் பாவாடைகள் கூட்டம் கூட்டமாக மரத்தடியில் உட்கார்ந்தன. எல்லாம் முதுகாகத் தெரிந்தது. எது அவள் என்று பிடிபடவில்லை. ஒருத்தி திரும்பி என்னைப் பார்த்தாள். முகவாயில் பிளாஸ்திரி இருந்தது. அவள் முகம் சிவந்துபோனது.

சாயங்காலம் வந்தவள் டப்பாவை அம்மாவிடம் கொடுத்துவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போனாள். அவள் டப்பாவில் யாராவது கை வைக்கிறார்களா என்று பார்க்க மறுநாளும் போய் நின்றேன்.