நான் அடைத்த நான்கு ஓட்டைகள்

வீரபாண்டி லீவில் போகாமல் இருந்திருந்தால் இந்த வினையே வந்திருக்காது. ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கிற நாற்பது நாள் லீவு அது. பரமக்குடியில் மனைவிக்கு ஆபரேஷன் வேறு. போகாதே என்று எந்த வாயால் சொல்வது?

ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் கராஜ். அவன் பிரேக் வேலை, நான் டிங்கரிங், பெயிண்டிங். ஆறு வருடமாக ஒரே ரூம். இவ்வளவு எரிச்சல் மூட்டுகிற ஆளை நான் கண்டதில்லை. குழம்புக்கு உப்பு போடக்கூட மூன்று முறை யோசிப்பான்.

துபாயில் பேங்க் வேலையில் இருக்கும் பாலா சார், ஹாட் ராட் கட்டித் தரச் சொல்லி வந்தார். தாத்தா காலத்துக் கார் உடம்பில் இந்தக் காலத்து ராட்சச எஞ்சினை வைப்பதுதான் ஹாட் ராட். எல்லோரும் எஞ்சினைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். வீரபாண்டி மட்டும் வெறும் சட்டத்தின் மேல் ஒரு ஸ்டூலைப் போட்டு, பாலா சாரை உட்காரவைத்து, காலை நீட்டச் சொன்னான். பெடல் எங்கே வரும், மிதித்தால் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் எங்கே உட்காரும், அங்கிருந்து நாலு சக்கரத்துக்கும் குழாய் எந்த வழியாகப் போகும் என்று அட்டையை வெட்டி வைத்தும் சணலைக் கட்டியும் மூன்று நாள் பார்த்தான். கடைசியில், எஞ்சினுக்கும் ஓட்டுபவர் காலுக்கும் நடுவே நிற்கிற தகட்டில் நான்கு ஓட்டைகள் போட்டான்.

"சிலிண்டர் இங்கதான் சரவணா. வந்து மாட்டிக்கிறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனான்.

அவன் போன வாரமே மேனேஜர் வெங்கட்ராமன் என்னைக் கூப்பிட்டார். "பாலா சாருக்கு எஞ்சின் ரூம் கண்ணாடி மாதிரி இருக்கணுமாம். அந்தத் தகட்டுல எதுவும் துருத்திக்கிட்டு நிக்கக் கூடாது."

வீரபாண்டிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. டிங்கரிங்காரன் புத்தி, ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது. வெல்டு வைத்து, தேய்த்து, பட்டி பூசி, எட்டுக் கோட் கருநீலம் அடித்தேன். முகம் பார்த்துத் தலைவாரலாம், அப்படி வந்திருந்தது.

லீவு முடிந்து வந்த வீரபாண்டி பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, நேராக டிரில்லை எடுத்துவந்தான். நான் குறுக்கே பாய்ந்தேன்.

"என் பெயிண்ட்ல கைய வச்சே, கைய ஒடிச்சிருவேன்" என்றேன். சொன்னேன்தான். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

வெங்கட்ராமன் வந்தார். சிலிண்டரை சீட்டுக்கு அடியில், தரைத்தகட்டின் கீழே வைக்கச் சொன்னார். வெளிநாட்டில் எல்லோரும் அங்கேதான் வைக்கிறார்களாம், வீடியோ பார்த்தாராம்.

"சார், சைலன்சர் குழாய் நாலு விரக்கடை தள்ளித்தான் போகுது. இந்த ஆகஸ்ட் வெயில்ல, டிராபிக்ல நின்னா பிரேக் ஆயில் கொதிச்சிரும். கொதிச்சா பெடல் வெறுங்காத்தைத்தான் மிதிக்கும்" என்றான் வீரபாண்டி.

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு பயம். சொன்னதைச் செய். கலாஸ், பேச்சு முடிஞ்சது."

படிக்காதவன் பேசினால் பயம், படித்தவர் பேசினால் பிளான். என்ன நியாயம் இது? ஆனால் அன்றைக்கு எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என் பெயிண்ட் பிழைத்ததே.

வெப்பத்தைத் தடுக்க ஒரு தகடாவது கொடுங்கள் என்று கெஞ்சினான். பாலா சார் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தப்போகிற கார் ஷோவுக்கு நாளில்லை என்றார் வெங்கட்ராமன். சொன்ன இடத்திலேயே மாட்டினான்.

எங்கள் கராஜில் ஒரு வழக்கம் உண்டு. பிரேக் மாட்டி, எண்ணெய்க் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தவன்தான் முதல் ரவுண்டு ஓட்ட வேண்டும். பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது. அந்த வெள்ளிக்கிழமை பாலா சார் தன் ஒன்பது வயது மகள் சம்யுக்தாவோடு வந்தார். முதல் ரவுண்டை மகளோடு தானே ஓட்டி வீடியோ எடுக்க ஆசை. வெங்கட்ராமன் பல்லைக் காட்டிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டார். பாப்பா ஏறி பெல்ட்டும் போட்டாயிற்று.

வீரபாண்டி போய் வண்டிக்கு முன்னால் நின்றான்.

"பாப்பா இறங்கட்டும் சார். நீங்களும்."

"கஸ்டமர் முன்னாடி மானத்தை வாங்காதே. வீசா கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடுவேன்" என்றார் வெங்கட்ராமன்.

"அனுப்புங்க. நான் ஓட்டிப் பார்த்தப்புறம் அனுப்புங்க."

அசையவில்லை. பாலா சார் முகம் சிவந்து இறங்கினார். சம்யுக்தா அழுதாள். நானோ, வேலை போனால் இவன் வீட்டை யார் பார்ப்பது என்று அவன் மேலேயே கொதித்தேன்.

அவன் தனியாக எடுத்துப் போனான். மெயின் ரோட்டு முனையில் லாரிகள் அடைத்து நிற்க, இருபது நிமிடம் எஞ்சின் ஓட வெயிலில் நின்றிருக்கிறான். திரும்பி வந்து கராஜ் கேட்டுக்குள் நுழையும்போது பெடல் தரையோடு போய்விட்டது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை ஆளில்லாத பக்கமாக ஒடித்தான். சுவரோரம் அடுக்கியிருந்த இரும்புக் குழாய்களில் போய் இடித்து நின்றது. ஒரு குழாய் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய், பக்கத்து சீட்டின் முதுகில் குத்தி நின்றது.

பாலா சார் அந்த சீட்டைப் பார்த்தார். மகளைத் தூக்கி இறுக்கிக்கொண்டார்.

வெங்கட்ராமன் வாய் திறந்தார். "இவன் வேகமா வந்துட்டான் சார்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆத்திரம். "பொய் சொல்லாதீங்க சார். இவன் போட்ட ஓட்டைய அடைச்சது நான், அடைக்கச் சொன்னது நீங்க. வேணும்னா ரெண்டு பேரையும் அனுப்புங்க" என்று கத்தினேன்.

வீரபாண்டி வீங்கிய மணிக்கட்டைப் பிடித்தபடி இறங்கினான். பானெட்டைத் திறந்தேன். கருநீலத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது. டிரில்லை எடுத்துவந்து, "எங்க போடணும், காட்டு" என்றேன்.

நல்ல கையால் நான்கு இடத்தைத் தொட்டுக் காட்டினான். போட்டு முடிக்க எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.